முடி வளந்துட்டா ட்ரீட்மெண்ட் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய் பத்தி உங்க பத்திரிகைல வந்த கட்டுரைய படிச்சேன். மருந்து பத்தியெல்லாம் தெளிவா இருந்துச்சு, ஆனா கூட இருந்து பாத்துக்குறவங்களப் பத்தி ஒரு பாரா கூட இல்ல. என் அண்ணன் பையனுக்கு ஏஎல்எல், குழந்தைங்களுக்கு அதிகமா வர்ற ரத்தப் புற்றுநோய் இதுதான், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரில ரெண்டாவது வருஷமா பாக்குறோம். அண்ணி படுற பாட்ட தினமும் பாக்குறதால எழுதுறேன்.

முதல் மாசம் சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாங்க, பழம் வாங்கிட்டு வந்தாங்க, காசு குடுத்தாங்க, அத நான் மறக்க மாட்டேன். அதுலயே சில பேரு தொத்திக்குமான்னு அண்ணிகிட்டயே கேட்டாங்க, மாசமா இருக்கும்போது என்னத்த சாப்பிட்டன்னு கூட ஒருத்தங்க கேட்டாங்க. இது தொத்துற நோயே இல்லங்க, நம்ம சளி இருமல்தான் கவுண்ட்ஸ், அதாவது ரத்த அணுக்களோட எண்ணிக்கை, குறைஞ்ச குழந்தைக்கு தொத்தும், அதுதான் ஆபத்து. ஸ்டீராய்டு குடுக்குற வாரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து தயிர்சோறு வேணும்னு அழுவான், குடுத்தா அரை மணி நேரத்துல திரும்ப பசிக்கும், கன்னமெல்லாம் உப்பிப் போச்சு, அதப் பாத்துட்டு பையன் நல்லா தேறிட்டானேன்னு தெருவுல சொல்றாங்க, அண்ணி ஒண்ணும் சொல்லாம உள்ள போயிடுவாங்க.

இப்ப மருந்தால கொட்டுன முடி வளந்துடுச்சு, ஸ்கூலுக்கும் போறான். அவ்ளோதான், எல்லாருக்கும் முடிஞ்சு போன கதை ஆயிடுச்சு. ஆனா இது மெயிண்டனன்ஸ், நோய் திரும்ப வராம இருக்க குடுக்குற கடைசி கட்ட ட்ரீட்மெண்ட், தினமும் 6எம்பிங்கிற புற்றுநோய் மாத்திரை, வாரத்துல ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட்னு இன்னொரு மருந்து, நடுநடுவுல முதுகுல ஊசி, ரத்தம் டெஸ்ட் பண்ணி கவுண்ட்ஸ் பாத்து டோஸ கூட்டுவாங்க குறைப்பாங்க, அரை மாத்திரையா உடைச்சு குடுத்துட்டு அண்ணி தினசரி காலண்டர்ல டிக் போட்டு வைப்பாங்க. ஆரம்பத்துல இருந்து ட்ரீட்மெண்ட் மொத்தம் ரெண்டரை மூணு வருஷம். ஜுரம் 100.4 காட்டுனா மாத்திரை போட்டு காலைல பாத்துக்கலாம்னு இருக்க முடியாது, அந்த ராத்திரியே கிளம்பணும், கடலூர்ல இருந்து ஜிப்மர் இருக்குற கோரிமேட்டுக்கு நடுராத்திரில ஆட்டோ புடிக்கிறது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க.

அண்ணன் போட்ல மீன் புடிக்கப் போறவரு. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானமே கிடையாது, ஆனா மருந்து நிக்காது. அண்ணி இறால் கம்பெனிக்கு போயிட்டு இருந்தாங்க, லீவு கேட்டதுக்கு வேற ஆள போட்டுட்டாங்க. மத்திய அரசு வேலைல இருக்குற பெண்களுக்கு குழந்தைய பாத்துக்க 730 நாள் லீவு இருக்கு, நல்ல விஷயம்தான், தினக்கூலிக்கு போற அம்மாவுக்கு ஒரு நாள் கூட இல்லயே. மருந்து செலவுக்கு காப்பீடு இருக்கு, போன கூலிய யாரு தருவாங்க? வசதியான நாடுகள்ல ஏஎல்எல் வந்த 10 குழந்தைங்கள்ல 8, 9 பேருக்கு குணமாகுதுங்க. நம்மள மாதிரி நாடுகள்ல அது குறையுறதுக்கு ஒரு முக்கிய காரணமே குடும்பத்தால முடியாம பாதில நிறுத்திடுறதுதான். மருந்து இருந்தும் அப்படி ஒரு குழந்தை போகலாமா?

பெரிய பொண்ணு ஏழாவது படிக்குது, பாட்டி வீட்ல விட்டுட்டாங்க, அது வாய் திறந்து எதுவும் கேக்குறதே இல்ல, எனக்கு அவள நினைச்சாதான் ரொம்ப கஷ்டமா இருக்கு.

அதனால படிக்கிறவங்ககிட்ட கேக்குறேன், உங்க தெருவுல இப்படி ஒரு வீடு இருந்தா ரெண்டாவது வருஷம் போய் கேளுங்க. ஆஸ்பத்திரி போற அன்னைக்கு ஒரு வேளை சாப்பாடு கட்டிக் குடுங்க, இன்னொரு புள்ளய உங்க புள்ளைங்களோட சேத்துக்கோங்க. இந்தக் குழந்தைங்களுக்கு ஏத்துற பிளேட்லெட்ட, அதாவது ரத்தம் உறைய உதவுற அணுக்கள, 5 நாளைக்கு மேல வச்சுக்க முடியாது, அதனால காலேஜ் பசங்க ஒரே கேம்ப்ல மொத்தமா குடுக்குறதோட நிக்காம, பிளட் பேங்க்ல பேரு குடுத்து வச்சுட்டு கூப்பிடும்போது வந்தீங்கன்னா பெரிய உதவி. தினக்கூலி வீடுகளுக்கு ட்ரீட்மெண்ட் முடியுற வரைக்கும் மாசாமாசம் ஒரு உதவித்தொகை குடுங்கன்னு மத்திய, மாநில அரசாங்கம் ரெண்டையும் கேட்டு நீங்களும் எழுதுங்க சார், நாங்க கேட்டா யாரு காதுல விழுது.

இப்படிக்கு,
ஒரு அத்தை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்