சதுர்த்திக்கு முதல் நாள் நின்றுபோன கல்லா: தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் ஜார்ஜ்டவுனில் கடைகளுக்கு இணைய இணைப்புப் போட்டுக் கொடுத்துப் பிழைப்பவன். ரூட்டர் மாட்டுவது, கேமரா மாட்டுவது, கல்லாக் கணினியையும் பிரிண்டரையும் சேர்த்து வைப்பது, ராத்திரி பத்து மணிக்கு "தம்பி, லைன் இல்ல" என்று போன் வந்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடுவது, இதுதான் என் வேலை. லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார், லெபோ குயின், லெபோ பினாங்கு மூன்றிலும் எனக்கு வாடிக்கை உண்டு. சைபர்ஜெயாவில் இருக்கும் உங்கள் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அங்கே போடும் உத்தரவு கடைசியில் என் கைப்பேசியில்தான் வந்து அடிக்கிறது.

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. மறுநாள் விநாயகர் சதுர்த்தி. பூஜைச் சாமான் விற்கும் ஓர் அக்காவின் கடை வாசலில் களிமண் பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கையடக்கத்திலிருந்து முழங்கால் உயரம் வரை. பக்கத்தில் அறுகம்புல் கட்டு, எருக்கம்பூ மாலை, வண்ணக் காகிதக் குடை. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கத்திலிருந்து இணையத்தில் வந்த ஆர்டர்களை அக்காவின் மகள் தரையில் உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறேகால் இருக்கும், கல்லாக் கணினி வெள்ளைத் திரையோடு அப்படியே நின்றுவிட்டது. அந்த பில் மென்பொருள் கடைக்குள் இல்லை, எங்கோ வெளிநாட்டுச் சர்வரில் இருக்கிறது. ஆர்டர் பட்டியலும் அதற்குள்தான்.

போய்ப் பார்த்தேன். லைன் போகவில்லை. மோடத்தில் பச்சை விளக்கு எல்லாம் எரிகிறது. மடிக்கணினியைச் சொருகி எண் முகவரியைக் கொடுத்தால் பதில் வருகிறது, பெயரைக் கொடுத்தால் வரவில்லை. அக்காவின் ரூட்டரில் கூகுளின் பொது டிஎன்எஸ்ஸை மறைகுறியாக்கிய வழியில் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பின்னால் அரசியல் ஒன்றும் இல்லை. இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ் மாதம் இரண்டு முறையாவது படுத்துவிடும், அவ்வளவுதான். அன்றைக்கு ரூட்டரின் பதிவைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: சான்றிதழ் பொருந்தவில்லை.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிஎன்எஸ் என்பது தெருமுனையில் வழி கேட்பது மாதிரி. இன்ன பெயருள்ள கடை எந்த எண்ணில் இருக்கிறது என்று உங்கள் கணினி ஒருவரிடம் கேட்கிறது, அவர் சொல்லும் எண்ணுக்குப் போகிறது. அன்றைக்கு நடந்தது என்னவென்றால், நான் நம்பிக் கேட்ட ஆள் வாய் திறப்பதற்குள் இன்னொருவர் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பதில் சொன்னார். ரூட்டர் முகத்தைப் பார்த்துவிட்டு "நீ அவன் இல்லை" என்று கதவைச் சாத்தியது. ரூட்டர் சரியாக வேலை செய்தது. அதனாலேயே கடை நின்றது.

வழியை மாற்றிப் போட்டுச் சரிசெய்ய எனக்கு நாற்பது நிமிடம். அதற்குள் அக்கா பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, கார்பன் தாள் இல்லாமல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதிக்கொண்டிருந்தார். மூன்று ஆர்டர் ரத்தாகிப் போனது. சதுர்த்திப் பிள்ளையாரை ஞாயிற்றுக்கிழமை கொண்டு போய்க் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் அக்கா கேட்டார்: "யாரு தம்பி நிப்பாட்டுனது?" நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த பையன் பராமரிப்பு வேலை நடப்பதாகச் சொன்னான். அவனுக்கும் தெரியாது, பாவம்.

பிறகுதான் தெரிந்தது. கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற பொது டிஎன்எஸ்ஸுக்குப் போகும் கேள்விகளை எல்லாம் உள்நாட்டு நிறுவனங்களின் டிஎன்எஸ்ஸுக்குத் திருப்பிவிட நீங்கள் உத்தரவு போட்டிருந்தீர்கள். செப்டம்பர் 30 கெடு. சில நிறுவனங்கள் கெடுவுக்கு முன்பே திருப்பத் தொடங்கிவிட்டன. நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, செப்டம்பர் 8 அன்று, இதைத் தொடர வேண்டாம் என்று ஆணையத்திடம் சொல்லியிருப்பதாகத் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அறிவித்தார். இரண்டே நாளில் பின்வாங்கியதற்கு நன்றி. இதை நான் நக்கலாகச் சொல்லவில்லை. பிடித்த பிடியை விடாத அரசாங்கங்களையும் பார்த்திருக்கிறோம்.

பின்வாங்கிய பிறகு ஏன் பழைய கதையைக் கிளறுகிறேன் என்று கேட்பீர்கள். அக்கா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை, அதனால்தான்.

அப்போது நீங்கள் ஒரு கணக்கு வெளியிட்டீர்கள். 2018 தொடங்கி 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 இணையத்தளங்களை முடக்கியிருக்கிறீர்கள். அதில் 39 விழுக்காடு சூதாட்டம், 31 விழுக்காடு ஆபாசம், 14 விழுக்காடு காப்புரிமை மீறல். மோசடி முதலீட்டுத் தளங்கள் 2 விழுக்காடு. மக்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பதும் நோக்கம் என்றுதான் இதையெல்லாம் செய்கிறீர்கள், ஆனால் உங்கள் கணக்குப்படி மோசடித் தளங்கள் ஏறக்குறைய ஐந்நூறு. என் வாடிக்கையாளர்களில் பணம் பறிகொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், மூக்குத்தி வரை விற்றுக் கட்டிய ஒரு பாட்டி. இருவருக்குமே வந்தது போன். பாட்டி வீட்டில் இணையமே கிடையாது.

அந்த 24,277 தளங்களின் பெயர்ப் பட்டியலை நான் எங்கே பார்ப்பது? எந்தப் பிரிவின் கீழ், யார் கேட்டு, எந்தத் தேதியில் முடக்கினீர்கள், எப்போது மறுபரிசீலனை என்ற விவரத்தோடு? தவறிப்போய் என் வாடிக்கையாளரின் கடைத் தளம் அதில் சேர்ந்துவிட்டால், அது முடக்கமா பழுதா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் ஆகும். பழுது என்றால் நான் சரிசெய்வேன். முடக்கம் என்றால் யார் கதவைத் தட்டுவது?

கற்பனையாகப் பயப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூலையில் ஒன் எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் பண முறைகேட்டை எழுதிக்கொண்டிருந்த சரவாக் ரிப்போர்ட் செய்தித் தளத்தை முடக்கினீர்கள். அதன் கட்டுரை, யாரும் எழுதிப் போடக்கூடிய மீடியம் தளத்தில் வந்தது என்று 2016 ஜனவரியில் மீடியத்தையும் சேர்த்து முடக்கினீர்கள். சமையல் குறிப்பு எழுதினவன், கணினி நிரல் சொல்லிக் கொடுத்தவன் என்று எத்தனையோ பேர் அங்கே எழுதினார்கள். ஒரு வீட்டில் கோபம் என்று தெருவையே அடைத்த கதை. 2018-இல் ஆட்சி மாறியதும் இரண்டும் திறந்துகொண்டன. அப்படியானால் பூட்டு சட்டத்தின் கையில் இருந்ததா, ஆட்சியின் கையிலா?

சட்டம் என்று எடுத்ததால் சொல்கிறேன். உங்களுக்கு அதிகாரம் கொடுக்கும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் மூன்றாவது உட்பிரிவு, இந்தச் சட்டத்தில் உள்ள எதையும் இணையத் தணிக்கைக்கு அனுமதி என்று பொருள்கொள்ளக் கூடாது என்கிறது. அதற்கு முன்பே, 1996-இல் அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற தொழில்நுட்ப வட்டாரத்தைத் தொடங்கியபோது முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த பத்து வாக்குறுதிகளில் ஏழாவது, இணையத்தில் தணிக்கை இருக்காது என்பது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அந்த வாக்குறுதியை நம்பி வந்தவர்கள் பெரிய பெரிய நிறுவனங்கள், உண்மைதான். ஆனால் அந்த நிழலில்தான் லெபோ பாசாரில் அகல்விளக்கு விற்கிறவரும் இணையத்துக்கு வந்தார்.

கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் கூட்டாளிகள் சிலர் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி விற்று அனுப்பும் 500 ரிங்கிட்டுக்குட்பட்ட சாமான்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி போட்டார்களே, அதை நான் வரவேற்றேன். அதுவரை இங்கே கடை வைத்திருப்பவன் வாடகையும் கட்டி, தான் இறக்கும் சாமானுக்கு வரியும் சுமக்க, விமானத்தில் சின்னப் பொட்டலமாக வந்ததற்கு ஒன்றும் கிடையாது. அந்த வரி நாடாளுமன்றத்தில் சட்டமாக வந்தது. தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. எத்தனை விழுக்காடு, எந்த விலைக்குக் கீழே, என்றைக்கு முதல் என்று அக்காவுக்கு வாயால் சொல்ல முடிந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, கையில் பிடித்துப் படிக்க முடிந்த விதி அது. டிஎன்எஸ் உத்தரவை அப்படி எதில் படித்தோம்?

நல்லது செய்யப் போய் விதி எப்படித் திரும்பும் என்பதற்குப் பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு கதை தெரியும். இந்தத் தீவுக்குக் கடலடிக் கம்பி புதிதல்ல. 1870-71-இலேயே மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி போட்டார்கள். நம் தாத்தாக்கள் கப்பலில் பல நாள் கடந்த தூரத்தைச் சேதி நிமிடத்தில் கடந்தது. 2002-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரிஷியஸ், கொச்சி வழியாக வந்த சேஃப் கேபிளும் இங்கேதான் கரையேறியது. இப்படிப்பட்ட கம்பி அறுந்தால் பழுதுபார்க்கச் சிறப்புக் கப்பல் வேண்டும். நம் கடலில் உள்ளூர்க் கப்பல்தான் வேலை செய்யலாம் என்று ஒரு விதி உண்டு. அதிலிருந்து 2019-இல் வெளிநாட்டுப் பழுதுபார்ப்புக் கப்பலுக்குக் கொடுத்திருந்த விலக்கை 2020 நவம்பரில் போக்குவரத்து அமைச்சு ரத்து செய்தது. உள்ளூர்க் கப்பல் முதலாளிகளைக் காப்பதற்காம். கூகுளும் முகநூலும் மைக்ரோசாப்டும் பிரதமருக்கே கடிதம் எழுதின. 2021 ஆகஸ்டில் ஏப்ரிகாட் என்ற புதிய கேபிளை அறிவித்தார்கள்: ஜப்பான், தைவான், குவாம், பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, சிங்கப்பூர். மலேசியாவைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. விலக்கு மறுபடி நடப்புக்கு வந்தது 2024 ஜூன் 1-இல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதில் குரங்குகூடக் கிடைக்கவில்லை.

அது உங்கள் இலாகா இல்லை, தெரியும். ஆனால் அந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய நிறுவனங்களுக்குப் பிரதமருக்குக் கடிதம் எழுதும் வசதி இருந்தது. 2025 அக்டோபர் 26 அன்று கோலாலம்பூரில் அமெரிக்காவோடு கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனங்களைப் பாரபட்சமாக நடத்தும் இலக்கவியல் சேவை வரி போட மாட்டோம், அவர்களுடைய சமூக ஊடகங்களும் கிளவுட் நிறுவனங்களும் உள்நாட்டு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று கேட்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறது மலேசியா. அவர்களுக்கு எழுத்தில் வாக்குறுதி. எங்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெள்ளைத் திரை.

80 லட்சம் பயனருக்கு மேல் உள்ள சமூக ஊடகங்களுக்கு 2025 முதல் உரிமம் வேண்டும் என்றீர்கள். இணையத்தில் தகாததைப் பதிவிடுவதைக் குற்றமாக்கும் அதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. 2026 ஜனவரி 1 முதல் இணையப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. குழந்தைகளைக் காக்கும் பகுதிகளை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். ஆனால் சாவிக்கொத்து கனத்துக்கொண்டே போகிறது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்ற பட்டியல் மட்டும் வெளியே வரவில்லை.

இன்னொன்று. எல்லாக் கேள்வியும் உள்நாட்டு டிஎன்எஸ் வழியாகவே போனால், யார் எந்த நேரத்தில் எந்தத் தளத்தைத் தேடினார் என்ற குறிப்பும் உள்நாட்டில் ஓரிடத்தில் சேரும். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்லிவிடுகிறது. கடைக்காரர் வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைப் பத்திரமாக வைக்காவிட்டால் குற்றம். அரசாங்கத்தின் கைக்கு அந்தக் குறிப்பு போனால் என்ன விதி? இதை நான் அக்காவுக்கு விளக்கவில்லை. ஏற்கெனவே பயந்து போயிருந்தார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முடக்கிய தளங்களின் பட்டியலைக் காரணத்தோடு, பிரிவோடு, தேதியோடு யாரும் பார்க்கும்படி போடுங்கள். ஆபாசத் தளங்களின் பெயரைப் போட்டால் விளம்பரம் ஆகிவிடும் என்றால் அவற்றுக்கு எண்ணிக்கை மட்டும் போதும், மற்றதைப் போடுங்கள். தவறாகச் சிக்கிய சிறு கடைக்காரர் வழக்கறிஞர் இல்லாமலே முறையிட ஒரு வழி வையுங்கள், இத்தனை நாளில் பதில் என்ற கெடுவோடு. நாட்டின் வலையமைப்பில் கை வைக்கும் முன், அந்த வலையில் ஏணி போட்டு ஏறுகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மாதம் முன்னால் அறிவிப்புக் கொடுங்கள். பண்டிகைக்கு முதல் நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அக்காவின் ரூட்டரில் இப்போது இரண்டு வழி வைத்திருக்கிறேன், ஒன்று அடைத்தால் மற்றது. பில் புத்தகமும் கார்பன் தாளோடு கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. அன்று நிறுத்தியது யார் என்று அக்கா இன்னும் அவ்வப்போது கேட்கிறார். இந்த மடலுக்கு நீங்கள் பதில் எழுதினால் மலாயிலேயே எழுதலாம். நான் அவருக்குப் படித்துச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு லைன்காரன்