மரத்துக்குப் பெயர் வைக்கும் முன் நடக்கும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், லாரேசி குடும்பத்தைச் சேர்ந்த புதிய வெப்பமண்டல மரம் ஒன்றைப் பற்றிய செய்தி வந்திருந்தது. அதற்கு இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் காட்டுக்குப் போனார்கள், மரத்தைப் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள் என்று சில வரிகளில் முடித்துவிட்டீர்கள். நடுவில் இருக்கும் வேலைதான் எல்லாமே. அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

இலவங்கப்பட்டை, கற்பூர மரம், அவகாடோ எல்லாம் இந்தக் குடும்பம்தான். உலகில் ஏறத்தாழ 50 பேரினங்கள் (நெருங்கிய இனங்களின் தொகுப்புகள்), 2,500க்கும் மேற்பட்ட இனங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பல மரங்கள் ஒன்றுபோலவே தெரியும். ஓரத்தில் பல் இல்லாத இலை, கசக்கினால் ஒரு மணம், சில மில்லிமீட்டரே உள்ள வெளிறிய பூக்கள். அந்தப் பூவைக் கொதிநீரில் இளக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஊசியால் பிரித்தால்தான் விஷயம் புரியும். இக்குடும்பத்தில் மகரந்தப்பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. சின்னக் கதவுபோல ஒரு மடல் கீழிருந்து மேலே திறக்கும். ஒரு பைக்கு அப்படி இரண்டு மடலா, நான்கா? பூவின் ஆண் உறுப்புகளான மகரந்தத்தாள்களில் எத்தனை வட்டத்தவை மகரந்தம் தருகின்றன? சுரப்பிகள் எந்த வட்டத்தில் ஒட்டியிருக்கின்றன? பேரினங்களைப் பல காலமாக இவற்றைக் கொண்டே பிரித்தார்கள். இக்குடும்பத்தின் லிட்சியா பேரினத்துக்கு நான்கு மடல், லின்டெரா பேரினத்துக்கு இரண்டு என்ற பழைய எல்லை டிஎன்ஏ ஆய்வுகளில் தாக்குப்பிடிக்கவில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த கற்பூர மரத்தையே 2022இல்தான் இலவங்கப்பட்டையின் பேரினமான சின்னமோமத்திலிருந்து பிரித்து, கேம்ஃபோரா என்ற பேரினத்தை மீட்டு அதில் வைத்தார்கள். அப்படியிருக்க, யாரும் பார்த்திராத மரத்தை எதில் சேர்ப்பது என்று முடிவெடுப்பது எவ்வளவு கடினம் பாருங்கள்.

பூ கையில் கிடைப்பதும் லேசில்லை. மரம் முப்பது மீட்டர் உயரம் இருக்கலாம். ஏறத் தெரிந்தவர் வேண்டும். பூக்கும் பருவம் வேறு, காய்க்கும் பருவம் வேறு. காயின் அடியில் கிண்ணம் உண்டா, இருந்தால் அதன் ஓரம் எப்படி என்பதும் முக்கிய அடையாளம். ஆக, பூவுக்கு ஒருமுறை, காய்க்கு ஒருமுறை போக வேண்டும். லிட்சியா போன்றவற்றில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஒரு மரத்தோடு வேலை முடியாது.

அப்புறம் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடம். கையிலிருக்கும் மாதிரி உண்மையிலேயே புதியதுதானா என்று அறிய, நூறு வருடத்துக்கு முன் யாரோ சேகரித்த உலர்ந்த கிளைகளையும் எடுத்து ஒப்பிட வேண்டும். 2010இல் வெளியான ஓர் ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இன்னும் விவரிக்கப்படாத பூக்கும் தாவரங்கள் சுமார் 70,000 இருக்கலாம், அவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஹெர்பேரியங்களில் இருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. புதிய இனங்களில் சேகரித்து ஐந்து ஆண்டுக்குள் விவரிக்கப்பட்டவை 16 சதவீதம் மட்டுமே. ஏறக்குறைய கால்பங்கு 50 ஆண்டுக்கு மேல் காத்திருந்தன. அலமாரியில் மாதிரி இருக்கிறது, அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. லாரேசி போன்ற சிக்கலான குடும்பத்தை ஆழமாக அறிந்தவர்கள் உலக அளவிலேயே மிகச் சிலர். இதைவிட வருத்தமான செய்தி இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் செல்லுபடியாகவும் விதிகள் இருக்கின்றன. விவரிப்போ, நெருங்கிய இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற குறிப்போ லத்தீனில் அல்லது ஆங்கிலத்தில் வெளியாக வேண்டும். 2011 முடியும் வரை லத்தீன் கட்டாயம். ஒரே ஒரு மாதிரியை வகைமாதிரியாகக் குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் சந்தேகம் வந்தால் யாரும் அங்கே போய்ச் சரிபார்க்கலாம் அல்லவா?

இதெல்லாம் நிபுணர்களின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெயர் வெளியாகாத மரம் பொதுவாக, அழியும் ஆபத்தைக் கணிக்கும் செம்பட்டியல் மதிப்பீட்டுக்குப் போவதில்லை. அது நிற்கும் காட்டை வெட்ட அனுமதி கேட்டால், அறிக்கையில் அந்த மரத்தைக் குறிப்பிடக்கூட வழியிருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், அரைப் பக்கமாவது கொடுங்கள். மரத்தின் படத்தோடு பூவின் பாகங்களைக் காட்டும் கோட்டோவியத்தையும் போடுங்கள். எந்த இனத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு, எதனால் வேறு, வகைமாதிரி எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். மரமேறிக் கிளை பறித்துத் தந்தவரின் பெயரும் கட்டுரையின் நன்றியுரையில் இருந்தால், தயவுசெய்து அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்