கைத்தொழில் பாடங்களை ஒதுக்கச் சொல்வது சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் பத்திரிகையில் சென்ற வாரம் வந்த, பெற்றோருக்கான ஆலோசனைக் கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு வரி: "உயர்நிலை மூன்றுக்குப் பாடங்களைத் தெரிவுசெய்யும்போது சமையல், மரவேலை போன்ற சுலபமான பாடங்களைத் தவிர்த்தால் நல்ல மாணவர்களுக்கு நேரம் மிச்சமாகும்." என் தந்தை காலம்தொட்டு எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை இது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். மிகவும் வருத்தப்பட்டேன், ஐயா.

நான் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். 2014ல் அந்தப் பாடம் உணவு, பயனீட்டாளர் கல்வி என்று பெயர் மாறியது தங்களுக்குத் தெரியாததல்ல. சாதாரண நிலைத் தேர்வில், மரவேலை இடம்பெறும் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்துக்கான மதிப்பெண்ணில் 60 விழுக்காடு, மாணவர் தாமே செய்துமுடிக்கும் திட்டப்பணிக்கு என்பதும் தெரிந்திருக்கும். யாருக்கு என்ன தேவை என்று பார்க்கவேண்டும். பல விதமாக வரைய வேண்டும். அட்டையில் மாதிரி செய்து, அது ஆடினால் ஏன் ஆடுகிறது என்று கண்டுபிடித்து எழுதவேண்டும். அதற்குப் பிறகுதான் மரத்தில் ரம்பத்தை வைப்பது. துணைப்பாட வகுப்பில் மாதிரி விடையை மனப்பாடம் செய்து இதில் தேற முடியுமா? சமையல் பாடமும் அப்படித்தான். முட்டையும் பாலும் கலந்த கஸ்டர்ட் சூடு மிஞ்சினால் ஏன் திரிகிறது, சோளமாவு கரைசல் கொதிக்கும்போது ஏன் கெட்டியாகிறது, கீரையை நறுக்கியபின் அலசினால் எந்த உயிர்ச்சத்து தண்ணீரோடு போகிறது, இவையெல்லாம் அறிவியல் இல்லாமல் வேறென்ன? வேதியியல் புத்தகத்தில் படித்தால் மரியாதை, அடுப்படியில் படித்தால் சுலபம் என்பது என்ன நியாயம்?

இது இன்று நேற்று வந்த மனக்குறை அல்ல. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது எங்கள் பாடவேளைதான். "டீச்சர், இந்த வாரம் மட்டும் கணிதத்துக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். பிள்ளைகள் பொருள்களை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள், அப்படியே திருப்பி எடுத்துப் போவார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் மற்ற ஆசிரியர்களின் மேசைக்கு முன் வரிசை நிற்கும். என்னிடம் வந்த ஒரு தந்தை, நம் தமிழர்தான், என் முகத்துக்கு நேரே சொன்னார்: "என் மகன் சமைத்துச் சாப்பிடப் போவதில்லை, இதில் என்ன மதிப்பெண் வந்தாலும் பரவாயில்லை." பையன் பக்கத்தில்தான் நின்றான். அடுத்த வகுப்பில் கரண்டியைத் தொடக்கூட அவனுக்கு மனமில்லை.

1969ல் கீழ் உயர்நிலையில், அதாவது உயர்நிலை ஒன்று, இரண்டில், பையன்கள் எல்லோருக்கும், பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் தொழில்நுட்பப் பாடங்கள் கட்டாயம் என்று வைத்தது இதே சிங்கப்பூர். ஜூரோங்கில் தொழிற்சாலைகள் எழுந்த காலம் அது. உலோக வேலையும் மரவேலையும் மின்சார வேலையும் தெரிந்த பிள்ளைகள் நாட்டுக்குத் தேவைப்பட்டார்கள். ஆனாலும் பையனுக்கு ரம்பம், பெண்ணுக்கு ஊசி என்று வெகுகாலம் பெரும்பாலும் பிரித்தே வைத்திருந்தார்கள். 1997ல்தான் மனையியல், வடிவமைப்பு-தொழில்நுட்பம் ஆகிய இரு பாடங்களும் கீழ் உயர்நிலையில் இருபாலருக்கும் கட்டாயமாயின. அப்போதும் "ஆண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்டார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் பிற்பாடு தேக்கா சந்தையில் என்னைப் பார்த்து, "டீச்சர், தேசிய சேவையில் பொத்தான் அறுந்தால் எல்லோரும் என் கட்டிலுக்குத்தான் வருவார்கள்" என்றான். இன்று அந்தப் பாடத்தில் தையலே இல்லை. துணியின் நூலோட்டம் பார்த்து வெட்டத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஒரு ரவிக்கையின் கையைப் பிரித்துத் தைக்கக்கூட தையற்கடை வாசலில் காத்து நிற்கிறோம்.

நீரிழிவை எதிர்த்துப் போர் என்று 2016ல் அரசாங்கம் அறிவித்தது. இந்நாட்டில் அந்நோய் நம் இந்தியர்களை மிகவும் வாட்டுகிறது. சத்துணவு விவரச் சீட்டைப் படித்து ஒரு பானத்தில் எவ்வளவு சீனி இருக்கிறது என்று கணக்குப் போடச் சொல்லிக்கொடுப்பதும் நாங்கள்தான். அதையும் நேர விரயம் என்று சொல்லிவிடலாமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து மதிப்பெண்ணைப் பார்த்து வகுப்பையே பிரிக்கும் விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் இல்லை. கணிதத்தையும் மொழிகளையும் அவரவர் நிலைக்கேற்பப் படிக்கிறார்கள். இந்தப் பாடங்களிலோ எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள். மற்ற வகுப்புகளில் வாய் திறக்காத பிள்ளை ஒன்று, வீட்டில் அம்மாவோடு உணவங்காடிக் கடையில் நின்று பழகியதால், வெங்காயம் நறுக்கக் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று தன் குழுவுக்குக் காட்டிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நல்ல மாணவர் இல்லையா, ஐயா? 25 வயதானதும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திட்டத்தில் 500 வெள்ளி கொடுத்துத் திறன் கற்கச் சொல்கிறோம். 14 வயதில் அதே திறனைத் தொடாதே என்கிறோம்.

உயர்நிலை இரண்டு மாணவர்கள் பாடங்களைத் தெரிவுசெய்யும் நேரம் வருகிறது. அதற்குள், இப்பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரையும் படிக்கும் மாணவர் ஒருவரையும் கேட்டு, மாணவர் பகுதியில் அரைப்பக்கமாவது வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் இல்லையென்றால் கால்பக்கம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனையியல் ஆசிரியை,
யீஷூன்