வெள்ளிக்கிழமைகளில் ஒரு பாய்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை முதல் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை யோகா. பிள்ளையிடம் ஒரு பாய் கொடுத்தனுப்புங்கள். அதற்கென்று கடையில் ரப்பர் விரிப்பு வாங்க வேண்டாம், வீட்டில் படுக்கிற கோரைப்பாய் போதும். கல்யாணத்துக்கு வந்த பட்டுப்பாயை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஏழாம் வகுப்பில் அது ஒரு வாரம் தாங்காது.

பாய் என்றால் நமக்குப் பத்தமடைதான். நாம் பஸ்ஸில் கடந்துபோகிற அதே ஊரில் 1887-இல் பிறந்த குப்புசுவாமி, மலேயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேஷ் போய் யோகா குரு சுவாமி சிவானந்தர் ஆனார். யோகா சொல்லிக்கொடுக்க மேல்நாட்டுக்குத் தன் சீடர்களை அனுப்பினார். 1957-இல் கிளம்பிய விஷ்ணுதேவானந்தர் கனடாவில் மான்ட்ரியலில் மையம் தொடங்கினார். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த இன்னொரு சீடர் சச்சிதானந்தர், குரு மறைந்த பின் 1966-இல் நியூயார்க் போனார். மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவில் நடந்த புகழ்பெற்ற வுட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்க உரை அவருடையது.

பிள்ளைகளுக்கு விஷ்ணுதேவானந்தர் கதைதான் பிடிக்கும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். 1971-இல் கலவரம் நடந்துகொண்டிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்துக்குச் சமாதானம் வேண்டிப் பறந்து போனார். 1983-இல் மிகச் சிறிய விமானமொன்றில், ஜெர்மனியில் ஒரு நகரத்தையே இரண்டாகப் பிரித்திருந்த பெர்லின் சுவரைத் தாண்டி, மேற்கிலிருந்து கிழக்கே போய் இறங்கினார். அங்கே பிடித்து விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுவர் 1989-இல் விழுந்தது அவரால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, நம் பள்ளிக்கு வருவோம். கூட்டத்தில் ஓர் அம்மா, “சாமி கும்பிடச் சொல்வீங்களா சார்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மந்திரம் கிடையாது. கடைசிப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது மட்டும்தான். கண்ணை மூடப் பிடிக்காதவர்கள் தரையைப் பார்க்கலாம். மனதுக்குள் தன் வீட்டுப் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை. விருப்பமில்லை என்றால் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், பிள்ளை அந்த நேரம் நூலகத்தில் இருக்கட்டும். இதனால் மார்க் கூடும் என்றெல்லாம் வாக்குக் கொடுக்க மாட்டேன். இடைவேளைச் சண்டையோடு வகுப்புக்குள் வருகிற பையன் கொஞ்சம் ஆறி உட்கார்ந்தால் எனக்குப் போதும்.

மூச்சை அடக்கும் பயிற்சியும் தலைகீழாக நிற்பதும் வகுப்பில் கிடையாது. யூடியூபைப் பார்த்து வீட்டில் முயன்றால் தடுத்துவிடுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, சமீபத்தில் ஆபரேஷன் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்ல வேண்டும். அன்று காலை வயிறு முட்டச் சாப்பிட்டு வர வேண்டாம், பட்டினியாகவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

அப்புறம், பாயின் ஓரத்தில் பிள்ளையின் பெயரை அழியாத மையில் எழுதிவிடுங்கள். போன வருஷம் சாப்பாட்டுத் தட்டுகளில் நாங்கள் பட்ட பாடு போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்