பெரும்பாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் கூவம் ஆற்றோரம் குடிசைகள் இடிப்பு என்று செய்தி வரும்போதெல்லாம் "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சிந்தாதிரிப்பேட்டையில் சின்னதாக ஒரு டிபன் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மாவு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா ஆற்றோரம் குடிசையில் இருந்தவர், விடியற்காலை நாலரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிடுவார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரம் இருந்தவர்களை வெளியே அனுப்பினார்களே, அதில் அவருக்கு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கிடைத்தது. வீடு என்றால் நிஜமாகவே வீடு, கழிப்பறை இருக்கிறது, மழை ஒழுகாது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலரைக்கு வர வேண்டுமென்றால் அவர் எத்தனை மணிக்குக் கிளம்புவது? 2021லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி, ஆனால் அந்த நேரத்துக்கு பஸ் வேண்டாமா? ரெண்டு மாசம் முயற்சி பண்ணிவிட்டு நின்றுவிட்டார்.

1970ல் கருணாநிதி ஆட்சியில் இந்த வீடுகளைக் கட்டித் தருகிற அரசு வாரியத்தை ஆரம்பித்தபோது தமிழில் குடிசை மாற்று வாரியம் என்று பெயர் வைத்தார்கள். குடிசை இருந்த இடத்தில் கல் வீடு, அதுதான் மாற்று. நொச்சிக்குப்பம் மாதிரி அந்தக் காலத்தில் கட்டியதெல்லாம் ஜனங்கள் இருந்த இடத்திலேயே எழும்பின. ஆங்கிலப் பெயரில் மட்டும் 'கிளியரன்ஸ்', அதாவது அகற்றுவது, என்று இருந்தது. கடைசியில் ஜெயித்தது அந்த ஆங்கிலப் பெயர்தான். 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம் என்று எல்லாமே ஊருக்கு வெளியே போய்விட்டன. 2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றியும் கடைக்கு வருகிறவர்கள் இன்னும் 'போர்டு வீடு' என்றுதான் சொல்கிறார்கள்.

1971ல் கொண்டுவந்த சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அரசு அங்கே தண்ணீர், கழிவுநீர், விளக்கு என்று செய்து தர வழி பிறக்கும், நினைத்த நேரத்தில் காலி பண்ணவும் முடியாது. அந்த வருஷமே 1,202 இடங்களை அறிவித்தார்கள், 1985ல் இன்னும் 17. அதோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு உருவான குடிசைகள் எத்தனையோ, அவை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லாததால் அங்கே இருப்பவர்கள் பெயர் வெறும் ஆக்கிரமிப்பாளர். ஓட்டுக்கு மட்டும் வாக்காளர்.

ஆற்றோரம் ஆபத்து, வெள்ளம் வந்தால் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் கொண்டுபோய் விட்ட செம்மஞ்சேரி எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில். ஒரு பெரிய மழை பெய்தால் போதும், அங்கே தெருவில் முழங்கால் தண்ணீர். பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்ட அரசு, குடிசையால்தான் நீரோட்டம் அடைபடுகிறது என்று சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

இடமே இல்லை என்பதையும் என்னால் நம்ப முடியவில்லை. நகருக்குள் பாழடைந்த பழைய போர்டு குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே இடத்தில் உயரமாகக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அதில் கூடுதலாக வருகிற வீடுகளைப் பக்கத்து ஆற்றோரம் இருப்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன? குறைந்தபட்சம் பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் ஜேசிபியைக் கொண்டுவராமலாவது இருக்கலாம்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த தடவை இந்தச் செய்தி போடும் முன் உங்கள் நிருபர் ஒருவரைப் பெரும்பாக்கத்தில் ஒரு ராத்திரி தங்கவைத்து, காலையில் அங்கிருந்து முதல் பஸ் பிடித்து என் கடைக்கு வரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்று மட்டும் எழுதட்டும். இட்லி மிச்சமிருந்தால் தருகிறேன்.

இப்படிக்கு,
சிந்தாதிரிப்பேட்டை வாசகர் ஒருவர்