பியோனிப் பாத்திக்குள் முள்ளு

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அக்கா,

அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதின கடிதம் மேசையிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பதில் எழுதலாம் என்று இருப்பேன், பிறகு நித்திரை வந்துவிடும். கோபிக்க வேண்டாம், சுகமாகத்தான் இருக்கிறேன்.

இப்போது எனக்குத் தோட்டவேலை, சிரிக்காதீர்கள். மேலே இருக்கிற வீட்டுக்கார மனுசியின் முன்வளவில் பியோனி, ஹொஸ்டா என்று பனிக்குக் கருகி, வசந்தத்தில் தானாகவே திரும்ப முளைக்கிற பூச்செடிகள், எல்லாம் அவரின் செத்துப்போன புருசன் நட்டது. அதற்குள் கனடா திசில் என்று ஒரு முள்ளுப்பூண்டு புகுந்துவிட்டது. கையுறை போட்டாலும் குத்தும். எங்கள் வெங்காயப் பாத்திக் கோரை மாதிரித்தான், பிடுங்கப் பிடுங்க வரும். வேர் பக்கவாட்டில் ஓடும், ஆளுயரத்துக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கும், ஓர் அங்குலத் துண்டு மண்ணுக்குள் கிடந்தாலே புதுச்செடிதான். அதனால் மண்வெட்டியால் கொத்தவே கூடாது.

மருந்தடிக்கலாமே என்பார் அத்தான். ஒன்ராறியோவில் 2009இலிருந்து வீட்டுத் தோட்டங்களுக்கு அநேகமான களைமருந்துகள் தடை. அனுமதி உள்ள வினாகிரி மருந்து இலையைத்தான் கருக்கும், வேருக்குப் போகாது, தவறிப் பட்டால் பியோனியும் போச்சு. ஆக, கத்தரியால் மண் மட்டத்தில் வெட்டுகிறேன், தலைகாட்டினால் திரும்ப வெட்டுகிறேன். மொட்டு வைக்கிற நேரம் வேரில் சேமிப்பு ஆகக் குறைவு, அப்போது விழுகிற வெட்டுத்தான் அதற்கு நல்ல அடி. செடி இல்லாத இடத்தில் கார்ட்போர்ட் விரித்து மரச்சீவல் கொட்டியிருக்கிறேன். இப்படி இரண்டு மூன்று வருசம் விடாமல் செய்தால்தான் அடங்குமாம். மனுசிக்கு எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் அவசரம் இல்லை, ஜன்னலடியில் இருந்துகொண்டு நான் தவறவிட்டதைப் பொல்லால் தட்டிக் காட்டுவார். வாடகையிலும் கொஞ்சம் விட்டுத்தருகிறார். அதற்காக இல்லை, சும்மா இருக்கிற நேரம்தானே.

போன கிழமை குனிந்து வெட்டிக்கொண்டிருக்க, கிணற்றடியில் கப்பி கிரீச்சிடுகிற சத்தம். அம்மாதான் தண்ணி அள்ளுகிறா என்று நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு. அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை.

சரி, காணி விசயம். மேற்கு வேலியைப் பக்கத்துக் காணிக்காரர் அரக்கியிருக்கிறார்கள் என்றால் சண்டைக்குப் போகவேண்டாம், முதலில் நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பியுங்கள். சின்னமாமா காணி உறுதிப் பத்திரத்தைக் கேட்டால், அது என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்குத் திகதி கிடைத்தால் தள்ளிப்போட வேண்டாம். காசு இந்த மாதம் கொஞ்சம் பிந்தும், வங்கியில் ஏதோ சிக்கல், வேறொன்றும் இல்லை. அதுவரை அத்தானிடம் கைமாற்றாக வாங்க முடியுமா என்று கேளுங்கள், அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

சின்னவன் கணக்கில் எப்படி? யாராவது இந்தப் பக்கம் வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள், இங்கே கடையில் வாங்குவதில் நிறம் மட்டும்தான்.

அன்புடன்,
தம்பி