சிறுவர் பகுதியின் பூட்டைத் திறந்து விடுங்கள்

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிறுவர் பகுதி பூட்டிக் கிடக்கும் விஷயம் உங்களுக்குத் தெரியும். வாசகர் வட்டத்தில் பேசியாயிற்று, மனு கொடுத்தாயிற்று, ஆய்வுக்கு வந்தவரும் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதனால் பழைய கதையை விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா மகனை அழைத்துப் போயிருந்தேன். நான்காம் வகுப்பு படிக்கிறான். வடசென்னையில் ஒற்றை அறை வீடு. லீவு நாளில் அவனுக்கு இருக்கிற ஒரே போக்கிடம் அவன் அம்மாவின் செல்போன். "புத்தகமா குவிஞ்சு கிடக்கும், வாடா" என்று ஆசை காட்டியது நான்தான். போனால் பூட்டு. ஜன்னல் வழியே பார்த்தோம். உடைந்த நாற்காலிகள், கட்டுக் கட்டாகப் பழைய நாளிதழ்கள், அவற்றுக்குப் பின்னால் கண்ணாடி பீரோ. பையன் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, பீரோவில் இருந்த புத்தகங்களின் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தான். ஒரு புத்தகத்தின் பாதிப் பெயரை நாற்காலிக் கால் மறைத்தது. "மாமா, 'காட்டில் ஒரு'ன்னு போட்டிருக்கு. காட்டில் ஒரு என்ன மாமா?" எனக்கும் தெரியவில்லை. யானை என்றான், திருடன் என்றான், பேய் என்றான். கால் மணி நேரம் அப்படியே நின்றான். திரும்பும்போது நெற்றியில் துருக்கோடு.

நூலகர் மேல் தப்பில்லை. இருக்கிறவர் அவர் ஒருவர்தான். அறையைத் திறந்தால் பார்த்துக்கொள்ள ஆளில்லை, புத்தகம் தொலைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்கிறார். கூடத்தில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாடிப்படி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வேறு இடம் கிடையாது. குழந்தை சத்தம் போட்டால் அவர்களுக்குத் தொந்தரவு. எல்லாம் சரி. அதற்காக அந்த அறை எதற்குப் பூட்டியிருக்க வேண்டும்?

அதே அறையில்தான் 2000 வாக்கில் நான் தரையில் உட்கார்ந்து படித்தேன். 1947இல் இதே சென்னையில் தொடங்கிய அம்புலிமாமாவின் இதழ்களை அங்கே பைண்டு போட்டு வைத்திருந்தார்கள். வேதாளம் கதையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்வி கேட்கும். ராஜா பதில் சொல்வதற்கு முன் புத்தகத்தை மூடிவிட்டு நானே தீர்ப்புச் சொல்லிப் பார்ப்பேன். பெரும்பாலும் என் தீர்ப்பு வேறாக இருக்கும். ராஜா சொன்னதுதான் சரியா என்று வீடு வரை சண்டை போட்டுக்கொண்டே நடப்பேன். இன்று நான் லிப்ட் மெக்கானிக். அடுக்குமாடியில் லிப்ட் நின்றால் வாட்ச்மேன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று சங்கத்தில் ஒரே குரலில் சொல்வார்கள். நான் உடனே தலையாட்ட மாட்டேன். நடந்ததை முதலிலிருந்து கேட்பேன். அந்தப் பழக்கம் எனக்கு ஐ.டி.ஐ.யில் வந்ததல்ல.

மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியுமே, அந்த மாயாவியின் கிழிந்த காமிக்ஸ் ஒன்றும் அங்கே கிடந்தது. அதை நம்பி பிளக் பாயின்டில் ஆணியை வைக்கப் போய் அம்மாவிடம் வாங்கிய அடி தனிக்கதை. ஆனால் கரண்ட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசை அங்கேதான் பிடித்தது.

கோட்டூர்புரத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பகுதி இருக்கிறதே, அங்கே கூட்டிப்போகலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நன்றி. அண்ணா நூற்றாண்டு நூலகம் அருமையான இடம்தான், ஏ.சி. வேறு. ஒன்பது வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பஸ் மாறிப் போய், படித்துவிட்டு இருட்டுவதற்குள் எப்படித் திரும்புவான் என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

ஜனவரி வந்தால் புத்தகக் காட்சி மேடையில் வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்று கவலைப்படுகிறீர்கள். பிள்ளைகள் எந்நேரமும் ரீல்ஸ் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். பார்க்கத்தான் செய்வான், போனுக்குப் பூட்டு இல்லையே. விடுதலைக்குப் பிறகு நாட்டில் முதல் நூலகச் சட்டம் வந்தது இந்த மாகாணத்தில்தான், 1948இல். சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி இன்றும் வசூலாகிறது. எனக்குச் சொத்து இல்லை. ஆனால் வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தான் வாடகை போடுகிறார். ஆக, பூட்டுக்கும் நாங்கள்தான் காசு கொடுத்திருக்கிறோம்.

அந்தக் கதவுக்கு மேலே இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி ரங்கநாதன் படம் தொங்குகிறது. ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்குப் போட்ட மாலை காய்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்று 1931இல் எழுதி வைத்தவர். அவருக்குக் கீழேதான் பூட்டு.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். அந்த அறையைத் திறந்து விடுங்கள். முழு நாளும் வேண்டாம், பள்ளி விட்டதும் மாலையில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கொஞ்ச நேரம். ஆள் இல்லையென்றால் வாசகர் வட்டத்தில் முறைபோட்டு உட்கார நாங்கள் தயார். நாற்காலிகளை நானே தூக்கிப் போடுகிறேன். குழந்தை கை பட்டுக் கிழிகிற புத்தகத்துக்கு நூலகரிடம் பணம் பிடிக்க மாட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அவரே சாவியை எடுத்துவிடுவார்.

பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும் என்று வேதாளம் மிரட்டும். எனக்கு அந்த வசதி இல்லை. அதனால் பணிவாகவே கேட்கிறேன்: அறையைத் திறந்து விடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை பையனை அழைத்து வரலாமா, வேண்டாமா என்று மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்,
சென்னை